எட்டாப் பாட்டு

ஒரு இசைத்தட்டைப் பதினேழு வருஷமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். ஆபீஸ் ஓணக் கொண்டாட்டத்தில் மைக் பிடித்துப் புகழ்ந்தேன். மைத்துனன் கல்யாணத்தில் பந்திக்கு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு புகழ்ந்தேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தபோது எங்கிருந்தோ ஒரு கிதார் கேட்டது, அதைச் சாக்காக வைத்து “ஆ... ஆ...” என்று புகழ முயன்றேன். அவர் வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டார். அந்தத் தட்டில் இருப்பது மொத்தம் எட்டுப் பாட்டு. எட்டையும் நான் முழுசாகக் கேட்டதில்லை.

இதைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டின் பெயர் ‘அவியல்’. குழுவின் பெயரும் அதுவே. 2003இல் இந்தத் திருவனந்தபுரத்தில் கிளம்பிய குழு. கிதாரில் ரெக்ஸ் விஜயன், பாட்டுக்கு டோனி ஜான், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிதாரில் நரேஷ் காமத். ஆரம்பத்தில் பாடிய ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் பிறகு விலகிக்கொண்டார். தட்டு வெளிவந்தது 2008இல். அதுவரை கேரளத்தில் ராக் என்றால் இங்கிலீஷ்தான். கொச்சிக்காரர்களான ‘தர்ட்டீன் ஏடி’ 1990இல் ‘கிரவுண்ட் ஜீரோ’ போட்டதும் இங்கிலீஷில்தான். தலைமுடியை நீளமாக வளர்த்துக்கொண்டு கிதாரை அலறவிடுகிறவன் மலையாளத்தில் பாடுவான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இவர்கள் பாடினார்கள். அதுவும் சினிமா மலையாளத்தில் அல்ல, நாட்டுப்பாட்டு மலையாளத்தில்.

அதே 2008இல்தான் நான் நாகர்கோவிலிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தேன். கரமனையில் ஒரு மாடி போர்ஷன். ஆபீஸில் பக்கத்து மேசைப் பையன் ஒருநாள் மத்தியானம் ஒரு தட்டை எடுத்துக் காட்டி, “அண்ணாச்சி, இது கேட்டிட்டுண்டோ?” என்றான்.

“பின்னே? கேட்டிட்டுண்டு!” என்றேன்.

தட்டு அன்றைக்குக் காலையில்தான் கடைக்கு வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பையன் மரியாதைக்காரன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எது புதிதாக வந்தாலும் முதலில் என்னிடம் வந்து, “அண்ணாச்சி இது கேட்டிருக்குமல்லோ” என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

இந்த வியாதிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. குமரி மாவட்டத்துக்காரனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு தெனாவட்டு இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்களுக்கும் இதுதானே தலைநகரம். தாத்தா காலத்துப் பத்திரங்கள் மலையாளத்தில் கிடக்கின்றன. ஆகவே மலையாளம் எனக்குத் தெரியும் என்பது என் முடிவு. மலையாளம் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்த புதிதில் மூணாறுக்கு ஆபீஸ் டூர் போனோம். விடியற்காலையில் வெளியே வந்து மலையைப் பார்த்துக் கையை விரித்து, “நல்ல பனி!” என்றேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மானேஜர் பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இரண்டு மாத்திரையும் கஞ்சியும் கொடுத்து அறையிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் மலை பார்க்கப் போனார்கள். ‘காய்ச்சல் இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மலையாளம் தெரியாது என்று ஆகிவிடும். படுத்தே கிடந்தேன்.

இந்த யோக்கியதையோடுதான் நான் ‘அவியல்’ கேட்க உட்கார்ந்தேன்.

முதலில் போட்ட பாட்டின் பெயர் ‘நட நட’. இதில் மலையாளம் எங்கே இருக்கிறது? இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. மீதியும் இதே வேகத்தில் புரிந்துகொண்டே போகும் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குப் புரிந்த அடுத்த சொல்லும் ‘நட’தான்.

அடுத்தது ‘செக்கெலெ’. இதைச் செக்கு, எலி என்று பிரித்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்து மேசையில் போய், “செக்குக்குள்ளே விழுந்த எலி. உழைக்கிறவனோட நிலைமையைத்தான் சொல்லியிருக்கான்” என்று விளக்கம் கொடுத்தேன். பையன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அங்ஙனெயுமாவாம்” என்றான். அப்படியும் இருக்கலாம் என்று அர்த்தம். கேரளத்தில் ஒருவரை முட்டாள் என்று சொல்வதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

வீட்டில் வேறு மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அந்தத் தட்டில் ஒரு மூட்டம் உண்டு. இடவப்பாதி மழைக்கு முன்னால் மத்தியானம் மூன்று மணிக்கே இந்த ஊர் இருட்டிக்கொண்டு வருமே, தெருவில் நாய்கூட ஒதுங்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, எழவு விழுந்த வீட்டுப் பாட்டா இது?” என்றாள். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா முண்டின் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்துவிட்டார். “ஆராணு மரிச்சது?”

“யாரும் இல்லம்மா. இது உங்க மலையாளப் பாட்டு.”

அவர் ஒரு நிமிஷம் நின்று கேட்டார். “இது ஏது மலையாளம்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அவருக்கும் புரியவில்லை. ஆனால் அவர் அதை ஒளிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பெயர் ‘அவியல்’ என்று இருப்பதால் ஒருநாள் அவியல் வைத்துக்கொண்டே அதைக் கேட்டால் விளங்கும் என்று தோன்றியது. சிரிக்க வேண்டாம். கர்நாடக சங்கீதம் விளங்க வேண்டும் என்று காபி குடிக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? மனைவி ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, சாலைத் தெருவுக்குப் போய் சேனை, நேந்திரங்காய், முருங்கைக்காய், தடியங்காய், புடலங்காய், பயறு என்று பை நிறைய வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கினேன். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒதுக்கி வைத்தேன். தட்டைப் போட்டேன். டிரம்ஸ் ஏற ஏற, என் கையிலிருந்த கரண்டியும் சட்டிக்குள் ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிண்டு. நல்ல தாளக்கட்டோடு கிண்டினேன். கடைசியில் கடுகு, உளுந்து, வற்றல் மிளகாய் போட்டுச் சடசடவென்று தாளித்துக் கொட்டினேன். வாசனை தெருமுனை வரை போயிருக்கும்.

சாயங்காலம் மனைவி வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். “இது என்னது?”

“அவியல்.”

“கூட்டு” என்றாள். “அதுவும் தாளிச்ச கூட்டு.”

கீழே வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது. அவர் தீர்ப்பு இன்னும் சுருக்கம்: “குழஞ்ஞு போயி.” பிறகு இரக்கப்பட்டு எனக்குப் பாடம் எடுத்தார். அவியலைக் கிண்டக் கூடாதாம், சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டுமாம். சேனை சேனையாகவே இருக்க வேண்டும், முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே இருக்க வேண்டும். தேங்காய் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். தாளிப்பு என்பதே கிடையாது. இறக்கி வைத்து, பச்சைத் தேங்காயெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தத் தட்டைப் பற்றி எனக்கு யாராவது உருப்படியாக ஏதாவது சொல்லித் தந்தார்கள் என்றால் அது இந்த அம்மாதான். அவருக்கு அது தெரியாது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் எனக்குக் காதில் ஏறியது 1976 ‘அன்னக்கிளி’யிலிருந்து. இளையராஜாவுக்குத் தாளிப்பில் தேர்ந்த கை. எந்தக் காட்டுப் பாட்டையும் வாசனையோடு இலையில் கொண்டுவந்து வைத்துவிடுவார். சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதனால் நாட்டுப்பாட்டு என்று சொன்னவுடனே கடுகு வெடிக்கக் காத்திருப்பேன். இந்தப் பையன்கள் வெடிக்கவிடவில்லை. நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற பாட்டை அப்படியே சுற்றவிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் கிதாரும் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு தன்பாட்டுக்குச் சுற்றியது, செக்கு மாடு மாதிரி. (செக்கு வந்துவிட்டது, கவனிக்கவும். எலிதான் வரவில்லை.) பாட்டு கிதாருக்காகக் குழையவில்லை. கிதாரும் பாட்டுக்காகப் பட்டுவேட்டி கட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே சட்டியில் தனித்தனியாகக் கிடந்தன.

இதை நான் அன்றைக்கே கண்டுபிடித்தேன் என்றால் பொய். அன்றைக்கு நான் செய்தது, அந்தக் கூட்டை மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டதுதான்.

அடுத்த ஓணத்துக்குத்தான் பெரிய சறுக்கல். ஆபீஸில் அத்தப்பூக்களம், வடம்வலி எல்லாம் முடிந்து சத்யைக்கு இலை போடுவதற்கு முன்னால், “அண்ணாச்சி ரெண்டு வாக்கு பறயணம்” என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பசியோடு இருக்கிற கூட்டத்துக்கு முன்னால் மைக் கிடைத்தால் அறிவாளி இரண்டு வார்த்தையில் முடிப்பான். நான் ‘அவியல்’ தட்டை எடுத்தேன். அதில் ‘ஆடு பாம்பே’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. நான் சொன்னது இது: “இந்தப் பாட்டு எங்களுடையது. தமிழ்நாட்டுப் பாம்பாட்டிச் சித்தர் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் பாடினார். நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பரவாயில்லை!” என்று சொல்லிப் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த அட்டெண்டர் ஒருவர், செம்பழந்திப் பக்கத்துக்காரர், பப்படக் கூடையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சாரே, அது குருதேவன்றெ குண்டலினிப்பாட்டாணு.”

ஸ்ரீநாராயண குரு. கேரளத்தில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே கிடையாது, ‘குரு’ என்றால் போதும். 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்து, கோயிலுக்குள் யார் போகலாம் என்கிற கேள்வியையே புரட்டிப் போட்டவர். அவர் பிறந்த ஊர்க்காரரிடம் போய், அவர் வீட்டில் விளக்கு வைத்தபின் பாடுகிற பாட்டை எங்கள் பாட்டு என்று பட்டா போட்டிருக்கிறேன். வடலூரில் நின்றுகொண்டு ஒரு மலையாளி வள்ளலாரை எங்கள் ஊர்க்காரர் என்று சொன்னால் நாம் என்ன செய்வோமோ அதை அவர்கள் எனக்குச் செய்யவில்லை. அந்த அட்டெண்டர் என் இலையில் இரண்டு பப்படம் கூடுதலாக வைத்தார். அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

மானத்தைக் காப்பாற்ற லைப்ரரிக்குப் போனேன். ஆறு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் எழுதியிருக்கிறார். குறளில் கொஞ்சத்தை மலையாளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். தவம் இருந்ததோ எங்கள் நாகர்கோவில் பக்கத்து மருந்துவாழ்மலையில். பாம்பைப் பார்த்து ஆடச் சொல்லிக் குண்டலினியைப் பாடும் முறையே தமிழ்ச் சித்தர்களுடையது. இன்னும் கேளுங்கள்: அவருக்கு யோகம் சொல்லிக் கொடுத்தவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள். தமிழர். பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பிரண்டு உத்தியோகம் பார்த்துக்கொண்டே சித்தராக இருந்தவர். சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட்டவர். 1909இல் காலமானார். தைக்காட்டில் அவருடைய சமாதியின் மேல் சிவன் கோயில் இருக்கிறது.

அப்படியானால் நான் சொன்னது பாதி சரி! ஜெயித்துவிட்ட தோரணையில் அட்டெண்டரைத் தேடினேன். அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஒரு வருஷம் கழித்துச் சாலைத் தெருவில் வெல்லம் வாங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சாரினு இது அறியில்லாயிருந்நோ?” என்றார். இது உமக்குத் தெரியாமலா இருந்தது? அவர் தைக்காட்டுக் கோயிலுக்கு அடிக்கடி போகிறவர். அய்யாவு சுவாமிகள் தமிழர் என்பதும், குரு தமிழில் பாடினார் என்பதும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்றைக்கு மேடையில் அவர் என்னைத் திருத்தியது, பாட்டு யாருடையது என்பதற்காக அல்ல. யார் எழுதினார் என்பதற்காக. இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத்தான் தெரியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. தைக்காடு என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே எனக்குத் தெரிந்த புண்ணிய ஸ்தலம் ஒரு சமோசாக் கடை மட்டும்தான்.

சித்தர் பாடினார், குரு பாடினார், இந்தப் பையன்கள் கிதாரோடு பாடினார்கள். மூன்று பேருக்கும் இடையில் ஒரு தகராறும் இல்லை. நடுவில் நான் ஒருத்தன் ரசீதைக் காட்டு என்று நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஒருமுறை பட்டால் போதாதா? போதாது. அதே தட்டில் ‘கருகரெ’ என்றொரு பாட்டு. இந்தத் தடவை உஷாராக, “இது மலையாள மண்ணின் ஆயிரம் வருஷத்துப் பழம்பாட்டு. எழுதினவன் பெயர்கூட மிச்சமில்லை” என்று ஒருவரிடம் உருகினேன். பாட்டு காவாலம் நாராயணப் பணிக்கருடையது. 1979இல் அரவிந்தன் எடுத்த ‘கும்மாட்டி’க்குப் பாட்டெழுதிய அதே காவாலம், ‘சோபானம்’ நாடகக் குழுவை நடத்தியவர். நான் அவரை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அனுப்பிவைத்த நாளில் அவர் இதே திருவனந்தபுரத்தில் நலமாக இருந்தார். 2016இல்தான் காலமானார். பெயர் உள்ளதை எங்களுடையது என்றேன். பெயர் உள்ள இன்னொன்றை அநாதை என்றேன்.

பிறகு கைதட்டல் விவகாரம். இந்த ஊரில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டினாற்போல. ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக. வேட்டி கட்டித்தான் போக வேண்டும். பேசக் கூடாது. முக்கியமாகக் கைதட்டக் கூடாது. கச்சேரி சரஸ்வதிக்கு, நமக்கல்ல. பெண் ஒருவர் அங்கே உட்கார்ந்து பாடுவதற்கே 2006இல் பாறசாலை பொன்னம்மாள் வர வேண்டியிருந்தது. அப்படி அசையாத இடம். அங்கே போய், தனியாவர்த்தனம் முடிந்த வேகத்தில் நான் ‘பட்’டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். ஒரே ஒரு தட்டு. எல்லாத் தலையும் திரும்பியது. சேர்ந்துவிட்ட இரண்டு கையையும் மெல்லப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்து, “கொசு” என்று முணுமுணுத்தேன்.

அடுத்த மாதமே பரிகாரம் தேடி ஒரு ராக் கச்சேரிக்குப் போனேன். அங்கே கைதட்டலாம், கத்தலாம், குதிக்கலாம். எல்லாரும் குதித்தார்கள். நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, தொடையில் ஆதிதாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் குனிந்து அக்கறையோடு கேட்டான்: “அங்கிளே, கொதுகுண்டோ?”

மலையாளத்தில் கொதுகு என்றால் கொசு. அதோடு விட்டிருக்கலாம். “இது ஆதிதாளம் தம்பி. எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூணு விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இப்ப இந்த டிரம்ஸ்காரர் வாசிக்கிறதும் உண்மையிலே...” நான் நிமிர்ந்து பார்த்தபோது அவன் நாலு வரிசை தள்ளி நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

அவியல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2011இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற சமையல் படத்தில் அவர்களின் ‘ஆனக்கள்ளன்’ வந்தது. பெயர்ப் பொருத்தம் அப்படி. ரெக்ஸ் விஜயன் தனியாகவும் சினிமாவுக்கு இசையமைத்தார். 2017இல் ‘மாயாநதி’ பார்த்துவிட்டு வெளியே வரும்போது மனைவி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். “இந்தாள எனக்குத் தெரியும்” என்றேன். “எப்படி?” என்றாள். “தட்டு வாங்கினேன்.” அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அடுத்த வருஷம் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, “இதெல்லாம் நாங்க 2008லயே பார்த்தாச்சு” என்று தம்பி மகனிடம் அளந்தேன். “நாங்கன்னா யாரு பெரியப்பா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டையும் கேட்கவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. அந்த எட்டில் ஒரு பாட்டுக்குப் பெயரே ‘எட்டாம் பாட்டு’. என் தட்டு அந்தப் பாட்டுக்கு வந்ததும் கிறுகிறுத்து, திக்கி, நின்றுவிடும். அவியல் வைத்த நாளில் எண்ணெய்க் கையோடு எடுத்து, பிறகு உப்புத்தாளை வைத்துத் தேய்த்தது போல ஒரு முரட்டுத் துணியால் நான் துடைத்ததன் பலன். பற்பசை தடவினால் கீறல் போகும் என்று ஒருவர் சொன்னார். தடவினேன். அதற்குப் பிறகு தட்டு புதினா வாசனையோடு நின்றது. ஆக, புகழுரையில் “குறிப்பாக அந்த எட்டாம் பாட்டு இருக்கிறதே!” என்று நான் கண்ணை மூடிச் சொல்லும் இடம் முழுக்க முழுக்கக் கற்பனை. மலையாளத்தில் அது எட்டாவது பாட்டு. என் விஷயத்தில் தமிழ் அர்த்தம்தான் பலித்தது. எட்டாத பாட்டு.

போன மாதம் மகளோடு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனேன். அவள் இந்த ஊரில் வளர்ந்தவள். காலேஜ் முதல் வருஷம். தம்பானூரில் ஏறி உட்கார்ந்ததும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். நெய்யாற்றின்கரை தாண்டியதும் என்ன நினைத்தாளோ, ஒரு பக்கத்து ஒயரை எடுத்து என் காதில் வைத்தாள்.

“என்னது மக்கா?”

“கேளுங்க. உங்க காலத்துப் பாட்டுதான்.”

மூட்டம். அந்தக் கிதார். எனக்குத் தெரியாத பாட்டு. செல்போனை எட்டிப் பார்த்தேன்: எட்டாம் பாட்டு. தட்டு நின்றுவிடும் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பதினேழு வருஷம் கழித்து, ஜன்னலில் ரப்பர் தோட்டமும் பலகைக் கடையும் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பாட்டுக்குள் நான் ஒரு அரை நிமிஷம் இருந்தேன். முப்பது விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாயைத் திறந்தேன். “இது எப்படீன்னா மக்கா, அவியல்ல தாளிப்பு கிடையாது பாரு...”

“அப்பா.”

“இல்ல, ஒரே நிமிஷம். இந்தப் பாட்டு இருக்கே, இது உண்மையில...”

அவள் கோபப்படவில்லை. மெதுவாக என் காதிலிருந்து ஒயரை எடுத்து, தன் காதில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பாறசாலை வந்தது. களியக்காவிளை வந்தது. கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. அவள் காதிலிருந்து கசிந்த சத்தம் எனக்குப் பாட்டாகக் கேட்கவில்லை. தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போலச் ‘சிக் சிக்’ என்று வந்துகொண்டிருந்தது. பாட்டு மாறியதா, அதே பாட்டுத்தானா தெரியவில்லை. என் கை தன்பாட்டுக்குத் தொடையில் தட்ட ஆரம்பித்திருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “கொசுவாப்பா?”

“ஆமா மக்கா” என்றேன்.